இங்கிலீஷ் காது பிறவியில் வருவதில்லை

ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களிலிருந்து பதுளை டவுனுக்கு வகுப்புக்கு இறங்கும் பிள்ளைகளில் சிலர், ஏ.எல். முடித்த கையோடு ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு பற்றி விசாரிக்கிறார்கள். வாசிப்பையும் எழுத்தையும் முட்டி மோதிப் படித்துவிடலாம், கேட்டலுக்கு என்ன செய்வது என்பதே அவர்களுடைய பயம். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் பெரும்பாலும் தாளிலேயே நின்றுவிட்டதால் அந்தப் பயம் நியாயமானதுதான். அதைச் சுற்றி உலவும் கதைகள் அப்படியல்ல.

நம்பிக்கை: தமிழ் மொழி மூலம் படித்தவர்களுக்குக் கேட்டல் தேர்வு எட்டாது.

உண்மை: உதாரணமாக, பிரிட்டனில் தாதியாகப் பதிவுசெய்யக் கேட்டலில் பேண்ட் 7 வேண்டும். 40 கேள்விகளில் ஏறக்குறைய 30 சரியானால் அந்த 7 கிடைக்கும். பத்துப் பிழைக்கு இடமிருக்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சிங்களம் என்று வளர்ந்த பிள்ளைகள், அரைகுறையாகத் தெரிந்த மொழியிலும் சங்கதியைப் பிடித்துக்கொள்ளப் பழகியவர்கள். தேர்வு மண்டபத்தில் அந்தப் பழக்கம் நன்றாகவே கைகொடுக்கும்.

நம்பிக்கை: ஆங்கிலப் படமும் செய்தியும் ஓடிக்கொண்டே இருந்தால் காது தானாகத் திறந்துவிடும்.

உண்மை: கீழே எழுத்து ஓடும் படத்தில் வேலை செய்வது கண். இரண்டு மூன்று நிமிடப் பேச்சு ஒன்றை எடுத்து, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் கேளுங்கள். காதில் விழுந்ததை எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்ட இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சிக்கு எழுத்து வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது. தோட்டத்தில் சிக்னல் இழுபறி என்றால், டவுனுக்குப் போகும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: பிரிட்டிஷ் உச்சரிப்பு பிடிபட்டால் போதும்.

உண்மை: ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்கக் குரல்களும் வரும். நமக்கு அதைவிடப் பெரிய கண்ணி கேட்டல் தேர்வின் முதல் பகுதியிலேயே இருக்கிறது. அங்கே பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். தொலைபேசி எண், முகவரி, விலை எல்லாம் வரும். ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'தான். காதிலும் அப்படியே குழம்பும். 13இல் கடைசி அசை நீண்டு அழுத்தம் பெறும். 30இல் அழுத்தம் முதல் அசையில். தொலைபேசி எண்ணில் 55ஐ 'டபுள் ஃபைவ்' என்றும் பூச்சியத்தை 'ஓ' என்றும் சொல்வார்கள். இவற்றைத் தனியாக எடுத்துப் பழக வேண்டும்.

நம்பிக்கை: ஒவ்வொரு சொல்லும் புரிந்தாக வேண்டும்.

உண்மை: கேட்டல் தேர்வில் நான்கு பகுதிகள், சுமார் 30 நிமிடம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். கேள்விகள் பேச்சு போகும் வரிசையிலேயே இருக்கும். முன்கூட்டி வாசிக்க நேரமும் தருவார்கள். ஒன்று தவறினால் அங்கேயே நின்று யோசிக்காதீர்கள், அடுத்த இரண்டும் சேர்ந்து போய்விடும். முதலில் காதில் விழுந்ததையே விடையென்று நம்பவும் கூடாது. செவ்வாய்க்கிழமை என்று தொடங்கியவர், இல்லை, வியாழன் என்று திருத்துவார். விடை வியாழன்.

நம்பிக்கை: விடை தெரிந்தால் போதும், எழுத்துப் பிழையை யார் பார்க்கப்போகிறார்கள்?

உண்மை: பார்க்கிறார்கள். எழுத்துப் பிழைக்குப் புள்ளி இல்லை. பன்மைக்குரிய 'எஸ்' விடுபட்டாலும் புள்ளி போகலாம். இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம் என்ற இடத்தில் மூன்று எழுதினால் அதுவும் பிழைதான். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துமுறை இரண்டுமே செல்லும். தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் எந்த இடத்தையும் வெறுமனே விடாதீர்கள். காகிதத்தில் எழுதும் வாய்ப்பு இருந்தால் விடைகளைப் படியெடுக்க 10 நிமிடம் உண்டு. கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். எதில் எழுதப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள்.

வகுப்புக்குக் காசு கட்டுமுன் ஒரு மாதம் இப்படிப் பயின்று, பிழைகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: ஒலி பிடிபடாதவை, சொல்லே தெரியாதவை, எழுதும்போது சறுக்கியவை. வகுப்பு தேவையா, தேவையென்றால் எதற்கு என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.