பெயர் சொல்லும் முன் பொறு

அயர்லாந்தில் வேலைக்குச் சேரப்போகிறாய் என்று கேட்டு மனம் குளிர்ந்தது, மகளே. ரத்தசோகையையே பார்த்துப் பழகிய கண் உனக்கு. அங்கே உடம்பில் இரும்பு கூடிப்போனவர்கள் உன் முன் வந்து உட்காருவார்கள். ஹீமோகுரோமடோசிஸ் என்ற அந்த ஒரு பெயரை எப்படிக் கையாள்வது என்று, அங்கே வேலை பார்த்துப் பழுத்தவன் சொல்கிறேன்.

1. பெயர் பழையது என்பதை மறவாதே. 1889-இல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் அது. உறுப்புகளில் படிந்திருந்த பழுப்பு நிறமி ரத்தத்திலிருந்து வந்தது என்று நினைத்து, ரத்தத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பெயரிட்டார். இரும்பு குடல் வழியே மிகுதியாக ஏறுகிறது என்பது பின்னால்தான் தெளிவானது. இரும்பு நுழைய உடம்பில் வாசல் உண்டு, கொல்லைக்கதவு இல்லை. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின்தான் வாசல் காவல். அது குறைந்தால் இரும்பு கல்லீரலிலும் கணையத்திலும் இதயத்திலும் மூட்டிலும் குடியேறிவிடும். பேர்பெற்ற அறிஞர் வைத்த பெயரிலேயே இப்படி ஒரு பிசகு உண்டென்றால், நமக்கு அடக்கம் எவ்வளவு வேண்டும்!

2. இரும்பு கூடியவருக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டாதே. தலசீமியா குழந்தைக்கும் இரும்பு ஏறும், ஆனால் அது ஏற்றிய ரத்தத்தோடு வந்தது. ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து வேண்டும். பரம்பரையாக வந்தவருக்கோ ரத்தம் எடுப்பதுதான் வைத்தியம். பெயர் பிசகினால் கை பிசகும்.

3. ஒற்றை எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் காய்ச்சலிலும் ஏறும். கொழுப்புக் கல்லீரலிலும் குடியிலும் ஏறும். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினின் செறிவையும் பார். அது 45 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் மரபணுச் சோதனையை யோசி. அங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் அதிக ஃபெரிட்டினோடு வந்தால், முதலில் மற்றக் காரணங்களைத் தேடு. ஐரோப்பாவில் இந்த நோய்க்குப் பரவலான காரணமான மரபணு மாற்றம் நம்மவரிடம் மிக அரிது. அவசரக்காரனுக்கு அறிக்கையே பகை.

4. மரபணு இருப்பதையும் நோய் இருப்பதையும் ஒன்றாகப் பேசாதே. எச்.எஃப்.இ. மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. அதன் சி282ஒய் மாற்றத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவர்கள் அயர்லாந்தில் ஏறத்தாழ 83 பேருக்கு ஒருவர். அவர்களில் பலர், அதிலும் பெண்கள், பெரிய தொல்லை எதுவும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பதுண்டு. ஒரு பிரதி மட்டும் இருப்பவர் பொதுவாக நோயாளியே அல்ல. ஆரோக்கியமானவரை ஒரு சொல்லால் நோயாளி ஆக்கிவிடும் பாவம் நமக்கு வேண்டாம்.

5. சின்ன முனகலுக்குக் காது கொடு. 1865-இல் பிரெஞ்சு மருத்துவர் த்ரூசோ எழுதி வைத்த நீரிழிவும் சுருங்கிய கல்லீரலும் கருத்த தோலும் நோயின் கடைசிப் படிகள். தொடக்கம் வெறும் அசதிதான். ஆட்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் வலி. விவசாயி ஒருவரின் கைவலியை எல்லோரும் வயது என்று தள்ளிவந்தார்கள். ஒரு மூத்த செவிலிதான், “உங்கள் அண்ணனுக்கும் இதே விரல்கள்தான் வலிக்குமா?” என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். அந்தக் கேள்விக்குப் பட்டம் தேவைப்படவில்லை, அக்கறைதான் தேவைப்பட்டது. குறைவு கூவும், மிகை பதுங்கும்.

6. எளிய வைத்தியம் என்று அலட்சியமாக இராதே. தொடக்கத்தில் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 450 முதல் 500 மில்லிலிட்டர் ரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகும். ஃபெரிட்டின் 50 அளவுக்கு இறங்கப் பல மாதம் ஆகலாம். பிறகு ஆண்டுக்குச் சில தடவை போதும். சலித்துப்போய் வராமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஊசி குத்துவதோடு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசு. இரும்பு மாத்திரையும் வைட்டமின் சி மாத்திரையும் கூடாது, மதுவைக் குறைக்க வேண்டும், பச்சைச் சிப்பி வேண்டாம் என்பதையெல்லாம் அந்தப் பேச்சிலேயே சொல். சிப்பியில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, இரும்பு மிகுந்த உடம்பில் உயிரையே வாங்கிவிடும்.

7. ஒருவரிடம் சொன்னது குடும்பத்துக்கே சொன்னது. பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பிரதி சுமப்பவர்களாக இருந்தால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதியும் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பத்திரிகைகள் இதைக் ‘கெல்ட்டியச் சாபம்’ என்று எழுதும். உன் வாயில் அந்தச் சொல் வரவே கூடாது. சாபம் என்றால் யாரோ பழி சுமக்க வேண்டும், இங்கே பழிக்க ஆள் இல்லை. அறிக்கையை மட்டும் நீட்டி அனுப்பிவிடாதே. அண்ணன் தம்பி, அக்காள் தங்கையிடம் காட்ட எளிய சொற்களில் ஒரு கடிதம் எழுதிக் கொடு. அதில் நோயின் பெயர் ஒருமுறை வந்தால் போதும், மகளே. எந்தச் சோதனை, எங்கே, எப்போது என்பதை மட்டும் விரிவாக எழுது.