சொந்தக் கூரை

ஏழைத் தொழிலாளிக்குச் சொந்த வீடு ஏன் தீராத ஏக்கமாயிற்று தெரியுமா?

பால்மரம் வெட்டியவர் குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது. வாடகை இல்லை, உண்மைதான். ஆனால் வேலை உள்ளவரைதான் வீடு. முப்பது ஆண்டுகள் உழைத்தவரும் ஓய்வு பெற்றதும் வெளியேற வேண்டும். வாசலில் அவர் நட்ட முருங்கைகூட அவருடையதன்று!

1957இல் நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். பலருக்கு வேலையோடு வீடும் போயிற்று. இந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 100 வெள்ளிப் பங்கொன்றைத் தொழிலாளர் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்திப் பெற்றனர். அக்காலத்தில் அது வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. கூலிக்கு வெட்டிய மரத்தில் தமக்கும் பங்குண்டு என்று அவர்கள் சொல்ல முடிந்தது.

ஆயினும் பங்கு வேறு, வீட்டுப் பட்டா வேறு. தோட்டத்தில் பங்கிருந்தவரும் சொந்தக் கூரைக்குத் தனியே பணம் சேர்க்க வேண்டியிருந்தது.

உங்கள் பாட்டனார் தகரப்பெட்டியில் பழைய பங்குச் சீட்டு வைத்திருந்தால், கேட்டு வாங்கிப் பாருங்கள்.