பிரமாதம் என்றால் கரையேறுங்கள்

ஐப்பசி முதல் மார்கழி வரை திருப்பதி, சித்தூர் பக்கம் சிக்கனமாகச் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டு எல்லையோடு நிற்பதில்லை. வேங்கட மலையும் நகரி மலையும் அதே மழையில்தான் நனைகின்றன. சென்னையிலும் வேலூரிலும் காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் கூட்டம் இந்த மூன்று மாதமும் குறையப்போவதில்லை. சாதாரண வகுப்பு ரயில், கோயிலில் அன்னதானம், காசு கொடுக்காமல் பார்க்க ஏழெட்டு இடங்கள் என்று கையைக் கடிக்காத பயணத்துக்கு ஏற்ற பக்கம் இது. வாருங்கள். ஆனால் எந்த இடத்துக்கு என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கைப்பேசியில் வரும் அருவிக் காணொளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் நான்கு சொற்கள்

போன மழைக்காலத்தில் ஓர் அருவிப் பாதையில் கண்ட காட்சி இது. மேலே கருத்துக்கொண்டு வருகிறது. காவலுக்கு நின்ற பெரியவர் தண்ணீரில் இருந்த பையன்களைப் பார்த்து "பிரமாதம், பிரமாதம்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். நம் பையன்கள் கட்டைவிரலை உயர்த்தி, "ஆமாம் தாத்தா, பிரமாதம்!" என்று பதில் சொல்லிவிட்டு இன்னும் உள்ளே போகிறார்கள். தெலுங்கில் பிரமாதம் என்றால் ஆபத்து. அவர் தலையில் அடித்துக்கொண்டே இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். எல்லா நாளும் எல்லா இடத்திலும் அப்படி ஒரு பெரியவர் இருக்கமாட்டார்.

ஆகவே மனப்பாடம் செய்யுங்கள். பிரமாதம்: ஆபத்து. வரத: வெள்ளம். லோத்து: ஆழம். திகொத்து: இறங்காதே. இந்த நான்கில் ஒன்று காதில் விழுந்தாலும், பலகையில் இருப்பதாக யாராவது படித்துச் சொன்னாலும், காரணம் கேட்காமல் கரையேறுங்கள்.

நாங்கள் அஞ்சுவது ஒன்றே ஒன்று

மழைக்கால அருவி. தலகோனா, கைலாசகோனா, நாகலாபுரம் ஓடைகள், நம்மவர்கள் 'தடா அருவி' என்று சொல்லும் உப்பலமடுகு, பலமநேர் பக்கத்துக் கைகல் என இடத்தின் பெயர் எதுவானாலும் கதை ஒன்றுதான். அடிவாரத்தில் வெயில் அடிக்கும். ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். பார்வைக்கு எட்டாத மலை உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் மொத்தமாக இறங்கும்.

ஏன் இவ்வளவு வேகம்? இந்த மலைகளில் பெரும்பாலானவற்றின் மேல்தட்டு கெட்டியான குவார்ட்சைட் பாறை. புவியியலில் நகரி குவார்ட்சைட் என்றே அதற்குப் பெயர். மண் குடிப்பதைப் போல அது மழையைக் குடிக்காது. விழுந்த நீர் வழுக்கிக்கொண்டு ஓடி, 'கோனா' எனப்படும் குறுகிய பள்ளத்தாக்கில் சேரும். கணுக்காலளவு ஓடை சில நிமிடங்களில் இடுப்பளவு ஆகிவிடும். ஓடுகிற நீர் முழங்காலுக்கு வந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். நீச்சல் தெரிந்திருப்பதால் பெரிய பயனில்லை: அருவி விழும் இடத்து நுரைநீரில் காற்று கலந்திருப்பதால் அது ஆளைச் சரியாக மிதக்க விடாது. அடியில் பாறை இடுக்கு இருக்கும். பாறைமேல் பாசி இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் அருவியில் இறங்காதீர்கள். கரையிலிருந்து பாருங்கள். வனத்துறை வாயிலை மூடியிருந்தால் வேறு வழி தேடிப் போகாதீர்கள். குறுக்கு வழி காட்டுகிறேன் என்று காசு வாங்குகிறவர் வெள்ளம் வந்தால் உங்களோடு நிற்கமாட்டார்.

வழக்கமானவை

அடையாள அட்டை: அசல், ஆளுக்கு ஒன்று. குடையை விட மழைக்கோட்டு நல்லது. பிடிப்புள்ள செருப்பு. கைவிளக்கு. சில்லறைப் பணம். மாற்றுத்துணி பிளாஸ்டிக் பைக்குள். திருமலைக்குப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து ரயில்: அரக்கோணம், திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழி. வேலூர்க்காரர்களுக்குக் காட்பாடி, சித்தூர், பாகாலா வழி. அந்தப் பாதையில் சந்திரகிரி நிலையமும் உண்டு. ஆந்திர அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு டிக்கெட் எடுக்காமல் உட்காராதீர்கள். அது அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும்.

தங்க: திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீநிவாசம். இரண்டும் திருமலை-திருப்பதி தேவஸ்தானத்துடையவை. இடைத்தரகரிடம் பேச்சே வேண்டாம். திருமலையில் வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் சாப்பாடு இலவசம். மலைக்குள் கோயில்களுக்கிடையே போகத் தேவஸ்தானத்தின் இலவசப் பேருந்தும் ஓடுகிறது.

மழையிலும் போகக்கூடியவை

செலவு குறைவு, கால் நனையாது, மனம் நிறையும். இவற்றை வைத்துத் திட்டம் போடுங்கள்.

கோவிந்தராஜர் கோயில். திருப்பதி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மேலே வேங்கடவனைப் பார்த்துவிட்டு அவசரமாக ரயிலேறுகிறவர்கள் தவறவிடும் இடம். இராமானுசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில். மழை வலுத்தால் மண்டபத்தில் உட்கார்ந்து தூண்களைப் பாருங்கள், யாரும் எழுப்பமாட்டார்கள்.

சந்திரகிரிக் கோட்டை. திருப்பதியிலிருந்து 15 கிலோமீட்டருக்குள். விஜயநகர அரசு தளர்ந்த காலத்தில் அதன் தலைநகர். 1639-இல் சென்னைக் கடற்கரையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த வேங்கடப்ப நாயக்கர், சந்திரகிரி அரசருக்குக் கட்டுப்பட்டவர். சென்னைக்காரர்கள் தங்கள் ஊரின் பிறப்புச் சான்றிதழைத் தேடுவதானால் இங்கேதான் வரவேண்டும். ராஜமகாலில் மரமே இல்லை. மாடங்கள் எல்லாம் கல், செங்கல், சுண்ணாம்பு. உள்ளே தொல்லியல் துறை அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆண்டுதோறும் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து நம்மைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபடியும்: வெள்ளிக்கிழமை விடுமுறை.

குடிமல்லம். பரசுராமேசுவரர் கோயில். ஆளுயர லிங்கத்தின் முகப்பில் நின்ற கோலத்தில் சிவன். கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்று ஆய்வாளர் பலர் கருதும் சிற்பம். இன்றும் பூசையில் இருக்கிறது. பேருந்து குறைவு. நாலைந்து பேர் சேர்ந்து ரேணிகுண்டாவில் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். கட்டணத்தை ஏறும் முன் பேசுங்கள்.

திருக்காளத்தி. வாயுத்தலம். கண்ணப்பர் ஊர். கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது 2017-இல் குடமுழுக்குக் கண்டது. கோயிலுக்கு வெளியே கலம்காரித் துணிக்காரர்களிடம் போங்கள். மூங்கில் பேனாவால் கையால் வரைவது காளத்தி முறை. புவிசார் குறியீடு பெற்றது. அச்சுத் துணியைக் கையோவியம் என்று விற்பவர்களும் உண்டு: ஒரே மாதிரி இரண்டு பூ அச்சுப் பிசகாமல் இருந்தால் அது அச்சுதான். படித்துறையில் நின்று பொன்முகலி ஆற்றைக் கும்பிடுங்கள். கலங்கல் ஓடும் நாளில் காலை வைக்காதீர்கள்.

காணிப்பாக்கம். சித்தூரிலிருந்து 11 கிலோமீட்டரளவு, பேருந்துக்குப் பஞ்சமில்லை. கிணற்றுக்குள் பிள்ளையார். சோழர் காலத்துக் கோயில். பாகுதா நதிக்கரை என்பதை நினைவில் வையுங்கள்.

சிலாதோரணம். திருமலைக் கோயிலிலிருந்து நடக்கும் தூரம். காற்றும் மழையும் அரித்து உண்டாக்கிய பாறை வளைவு. கட்டணம் கொடுக்காமல் பார்க்கக்கூடிய புவியியல் பாடம்.

மண்டல அறிவியல் மையம். அலிபிரிப் பக்கம். பிள்ளைகளோடு வந்த நாளில் வானம் பொத்துக்கொண்டால் இதைவிட நல்ல இடம் இல்லை.

நேலபட்டு. சூளூர்ப்பேட்டை வரை சென்னைப் புறநகர் ரயில் போகிறது; அங்கிருந்து சாலை வழி. மழை ஏரியை நிரப்பியபின் கூழைக்கடா வந்து கூடு கட்டும். கார்த்திகை கடைசியில் போனால் போதும். சத்தம் போடாதீர்கள்.

மலைப்பாதை, கூட்டம்

2021 நவம்பர் 18, 19 தேதிகளை மறந்துவிட்டோம். மலைச்சாலையில் மண் சரிந்தது, படிக்கட்டுகள் ஆறாயின, கபில தீர்த்தத்தில் மண்டபம் சேதமானது. ஸ்ரீவாரி மெட்டுப் படிப்பாதை 2022 மே மாதம்தான் மறுபடி திறந்தது. ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கீழே இருந்த கிராமங்களையே காலி செய்தார்கள். ஆகவே வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ரயில் டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

அலிபிரிப் படிகளில் சுமார் 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டில் 2,400-க்குச் சற்றுக் குறைவு. விடிந்தபின் ஏறுங்கள். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பின் வந்த பிற்பகல் கட்டுப்பாடுகளைப் பற்றிக் காவலர்களோடு வாதாடாதீர்கள்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. 2025 ஜனவரி 8 இரவு திருப்பதி நகரில் டோக்கன் வாங்கும் நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். சொர்க்கவாசல் பத்து நாள் திறந்திருக்கும். டோக்கன் இல்லாமல் அந்த நாட்களில் கிளம்பாதீர்கள். முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தாதீர்கள்.

சொந்த வண்டியில் வருபவர்களுக்கு: ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர் வழியில் ஆரணியாறு குறுக்கிடும். பிச்சாட்டூர் அணை திறந்தால் தரைப்பாலங்கள் மூழ்கும். ஓடும் நீர் ஓரடி இருந்தாலே சிறு காரைத் தூக்கிவிடும். முன்னால் போன லாரி கடந்துவிட்டது என்பது உங்களுக்குச் சமாதானம் ஆகாது. லாரி கனமானது. திரும்பிப் போங்கள்.

மறுபடியும் அருவி

சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். "சும்மா கால் நனைத்துவிட்டு வருகிறோம் சார்" என்பீர்கள். அதனால் இதையும் எழுதிவைக்கிறோம்.

தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கூடினால், வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பையையும் செருப்பையும் விட்டுவிடுங்கள். ஓடை ஓடும் திசையில் ஓடாதீர்கள். தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் மேட்டைப் பிடித்து ஏறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேட்டில் உட்காருங்கள். இரவானாலும் சரி, கடக்காதீர்கள்.

ஒருவர் அடித்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவனும் சேர்ந்து போவதைத்தான் மறுநாள் செய்தியில் படிக்கிறோம். துப்பட்டா, வேட்டி, கயிறு, நீளக் கொம்பு, எது கிடைத்தாலும் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். 112-ஐ அழையுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடைக்காது. ஒருவர் மேலே ஓட வேண்டியிருக்கும். ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்ல எதுவும் இல்லை, வராதீர்கள்.

அருவியில் குளித்தே ஆகவேண்டும் என்றால் தை பிறக்கட்டும். மழை ஓய்ந்து நான்கைந்து நாள் வெயில் காய்ந்தபின், வனத்துறை திறந்துவிட்ட இடத்தில், காலை வேளையில் போங்கள். அப்போது தலகோனாவில் தண்ணீர் தெளிந்திருக்கும், பாறை தெரியும். நுழைவுக் கட்டணம் அப்போதும் அதேதான்.

வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் இதை அவனிடம் ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எனக்கு நீச்சல் தெரியும் என்பான். தெரிந்தாலும் படித்துக் காட்டுங்கள்.