சமயம் கற்றுப் பட்டம் பெறலாமா?

"சமயம் படிச்சு என்ன சுவாமி, பிள்ளை கோயிலுக்கா போகப்போறான்?" என்று படுவான்கரையில் ஒரு தகப்பனார் எம்மிடம் கேட்டார். வயலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்தவரின் கேள்வி அது. நியாயமான கேள்வி. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

1. இது என்ன கல்வி?
இது குருத்துவப் பயிற்சி அன்று. ஒரு சமயத்தின் வரலாறு, நூல்கள், வழிபாடு, தத்துவம் என்பவற்றை முறையாக ஆராயும் கல்வி. இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ மக்கள் அயலவராய் வாழும் எமது வாவிக்கரைக்கு இவ்வறிவு மிகவும் தேவை.

2. எங்கே கற்கலாம்?
வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சமயமும் சமய நாகரிகமும் பட்டப் பாடங்களாக உள்ளன. வந்தாறுமூலை வளாகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் அது அகதிமுகாமாக இருந்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. எம்மவர் அடைக்கலம் தேடிய அதே இடத்தில் இன்று எமது பிள்ளைகள் கற்க முடியும்.

3. வழி என்ன?
க.பொ.த. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைய வேண்டும். பொதுப் பரீட்சையிலும் 30 புள்ளி பெற வேண்டும். அதன்பின் இசட் புள்ளிப்படி தெரிவு நடைபெறும். அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவருக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. வசதி குறைந்தோர் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும் தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகிய செலவுகள் உண்டு. தெரிவாகாதவர்கள் வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டம் பெறலாம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரும் இலங்கையிலிருந்தே பரீட்சை எழுதி, 1920இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரே.

4. தொழில் கிடைக்குமா?
சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். ஆகவே சமய ஆசிரியர் தேவை. ஆனால் பட்டம் கிடைத்ததும் நியமனம் வரும் என்று நம்பிவிட வேண்டாம். கலைப் பட்டதாரிகள் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்கின்றனர். ஆங்கிலம், சிங்களம், கணினி ஆகியவற்றையும் கூடவே கற்பது நல்லது.

5. இன்றே செய்ய வேண்டியது
இடப்பெயர்வில் பிறப்பத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறுங்கள். பிள்ளை படித்த ஒவ்வொரு பாடசாலையின் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள்.

கலந்துரையாட:
அ) எமது கிராமத்தில் உயர்தரத்துடன் படிப்பை நிறுத்தியவர்கள் யார்? ஏன் நிறுத்தினார்கள்?
ஆ) ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுச் செலவை எமது சங்கம் எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்?