பழைய செயின் சா: பிரிச்சு வேலை பார்க்கலாமா, புதுசு வாங்கலாமா?

2011 டிசம்பர் 30 அன்னிக்கு தானே புயல் கடலூர், பண்ருட்டி பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்ச்சுது. 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னையெல்லாம் படுக்க வச்சுது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்த ஆளும் கிடைக்கல, அறுக்கிற மெஷினும் கிடைக்கல. அதுக்கப்புறம் தோப்பு வச்சிருக்கிற பல வீடுகள்ல ஒரு செயின் சா வாங்கிப் போட்டாங்க. அந்த மெஷின்களுக்கு இப்போ வயசாயிடுச்சு. "இழுத்து இழுத்து கை வலிக்குது, ஸ்டார்ட் ஆகல. இன்ஜினைப் பிரிச்சுடலாமா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?"ன்னு கேட்கிற தம்பிகளுக்கும், வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்க தோப்பைத் தனியாப் பார்த்துக்கிற தங்கச்சிகளுக்கும்தான் இந்த டிப்ஸ்.

மெஷினோட வயசை வச்சு முடிவு பண்ணாதீங்க. உள்ளே கம்ப்ரஷன் இருக்கா, செயின் பிரேக் இருக்கா, ஸ்பேர் கிடைக்குதா, இந்த மூணையும் பாருங்க. மூணும் இருந்தா பழசுக்குச் செலவு பண்ணலாம். எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் மெஷினை ஆஃப் பண்ணி, ஆற விட்டு, பிளக் கேப்பைக் கழட்டிடுங்க. கையில உறை போட்டுக்குங்க.

1. செயின் மேல தப்பு இருக்கா பாருங்க

"மெஷின்ல இழுவை இல்ல"ன்னு சொல்ற பல பேருக்கு இன்ஜின் நல்லாத்தான் இருக்கும், செயின் மழுங்கியிருக்கும். அறுக்கும்போது செதில் செதிலா விழுந்தா செயின் கூர்மையா இருக்கு. மாவு மாதிரி தூள் கொட்டினா மழுங்கிடுச்சு. வெட்டு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போனா, ஒரு பக்கத்துப் பல்லு மட்டும் தேஞ்சிருக்கு, இல்லன்னா பார் தேஞ்சிருக்கு.

தென்னைக்கு வெளிப்பக்கம் கட்டை கெட்டி, உள்ளே மிருது. நார் வேற. விழுந்து கிடந்த மரத்துல மணலும் ஒட்டியிருக்கும். அதனால தென்னையில செயின் சீக்கிரமே மழுங்கும். அரம் வாங்கும்போது செயின் அளவைச் சொல்லி வாங்குங்க. 0.325 பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். சாதாரண 3/8 பிட்ச்சுக்கு 5.2, சின்ன மெஷின்ல வர்ற மெல்லிசு 3/8-க்கு 4 மில்லிமீட்டர். தப்பு அரம் போட்டா பல்லு கெட்டுடும்.

2. பெட்ரோல் வழியைச் சோதிங்க

மாசக்கணக்கா கொட்டகையில கிடந்த மெஷின் கிளம்பலைன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது பழைய பெட்ரோலைத்தான். இப்போ பங்க்ல போடுற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். பழைய மெஷினோட ரப்பர் குழாயும் கார்புரேட்டர் டயாஃப்ரமும் அதுல ஊறிக் கெடும்.

பல தடவை கயிறை இழுத்துட்டு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காஞ்சு இருந்தா பெட்ரோல் மேல வரல. டேங்க் உள்ளே இருக்கிற ஃபில்டர், குழாய், கார்புரேட்டர், இந்த வரிசையில பார்க்கணும். பிளக் நனைஞ்சிருந்தும் கிளம்பலைன்னா கரன்ட் வருதான்னு பார்க்கணும். டேங்க் மூடியைத் தளர்த்தினதும் ஓடி, இறுக்கினா நின்னு போனா, காத்து போற துவாரம் அடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

குழாய், டேங்க் ஃபில்டர், பிளக், கார்புரேட்டர் கிட், இது நாலும் சேர்ந்தாலும் சின்னச் செலவு. இதை முடிக்காம இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீங்க.

3. சூடானா நிக்குதா?

காலையில நல்லா கிளம்பி, கொஞ்ச நேரம் அறுத்ததும் நின்னு, ஆறினதும் மறுபடி ஓடினா காயில் மேல சந்தேகப்படுங்க. காயில் மாத்துறப்போ காந்தச் சக்கரத்துக்கும் காயிலுக்கும் நடுவுல 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா போதும். ஒரு விசிட்டிங் கார்டை நடுவுல வச்சு இறுக்கிட்டு உருவிடுவாங்க. வேகமே ஏறலைன்னா சைலன்சர் வாயில இருக்கிற சல்லடையைப் பாருங்க. கரி அடைச்சிருந்தா இன்ஜினால மூச்சு விட முடியாது.

4. கம்ப்ரஷன்தான் தீர்ப்பு சொல்லும்

மேல சொன்னதெல்லாம் சரியா இருந்தும் ஓடலைன்னா இங்க வாங்க. மெஷினை ஆஃப்ல வச்சு, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடிச்சு, தரையை விட்டு லேசாத் தூக்குங்க. மெஷின் விட்டு விட்டு, மெதுவா இறங்கினா கம்ப்ரஷன் இருக்கு. தடையே இல்லாம சர்ருன்னு இறங்கினா ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கு. டீகம்ப்ரஷன் பட்டன் இருக்கிற மெஷின்னா அதை மூடிட்டுப் பாருங்க.

இது தோராயக் கணக்குதான். சரியா தெரியணும்னா மெக்கானிக்கிட்ட கம்ப்ரஷன் கேஜ் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா அழுத்திப் பிடிச்சு, முள் நிக்கிற வரைக்கும் இழுக்கச் சொல்லுங்க. 150 பி.எஸ்.ஐ பக்கம் இருந்தா அருமை. 120 பக்கம்னா இன்னும் ஓடும். 100-க்குக் கீழே போனா இன்ஜின் வேலை இருக்கு.

5. பிரிக்கிறதுக்கு முன்னாடி சைலன்சரைக் கழட்டுங்க

சைலன்சரைக் கழட்டினா அந்த ஓட்டை வழியா பிஸ்டன் தெரியும். டார்ச் அடிச்சுப் பாருங்க. வழவழன்னு இருந்தா சந்தோஷம். மேலிருந்து கீழே கோடு கோடா கீறல் இருந்தா பிஸ்டன் சூட்டுல பிடிச்சிருக்கு. ஆயில் கலக்காத பெட்ரோல், எங்கேயோ காத்து கசியறது, கார்புரேட்டர்ல பெட்ரோல் குறைச்சலா வச்சது, இதுல ஒண்ணு காரணமா இருக்கும். கார்புரேட்டர் பக்கம் தேஞ்சு மங்கிப் போயிருந்தா, ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கு.

காரணத்தைக் கண்டுபிடிக்காம பிஸ்டன் மட்டும் மாத்தினா, புது பிஸ்டனும் அதே கதிக்குத்தான் போகும். ஆயில் சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர், ரெண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. ஐட்லிங்ல திடீர்னு வேகம் ஏறி, இறங்கவே மாட்டேங்குதுன்னா காத்து கசியறதுக்கு அது அடையாளம்.

"சிலிண்டரை போர் பண்ணிடலாம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. பெரும்பாலான செயின் சா சிலிண்டர் அலுமினியம், உள்ளே மெல்லிசா கெட்டிப் பூச்சு. போர் பண்ணினா பூச்சு போயிடும். சிலிண்டரைக் கழட்டினதும் உள்பக்கம் நகத்தால தடவிப் பாருங்க. பிஸ்டனோட அலுமினியம் மேலாக ஒட்டியிருந்தா தெரிஞ்ச மெக்கானிக் சுத்தம் பண்ணிடுவார், பிஸ்டனும் ரிங்கும் போதும். பூச்சே உரிஞ்சிருந்தா சிலிண்டர், பிஸ்டன் செட்டாத்தான் மாத்தணும்.

ஸ்பேர் வாங்குறப்போ அளவு முக்கியம். சந்தையில அதிகமா ஓடுற சீன மாடல்கள்ல 52 சிசி பிஸ்டன் 45 மில்லிமீட்டர், 58 சிசி பிஸ்டன் 45.2 மில்லிமீட்டர். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான், மாத்திப் போட்டா வேலைக்கு ஆகாது. பழைய பிஸ்டனைக் கையோட எடுத்துக்கிட்டுப் போங்க.

6. கணக்கை நேர்மையா போடுங்க

மெக்கானிக் சொல்ற மொத்தத் தொகையில இருந்து செயின், பார், ஸ்ப்ராக்கெட் செலவைத் தனியா எடுத்து வைங்க. அது தேயுற சாமான். புது மெஷின் வாங்கினாலும் அதை மாத்தத்தான் போறீங்க. மிச்சம் இருக்கிற இன்ஜின் செலவை, அதே தரத்துப் புது மெஷின் விலையோட வச்சுப் பாருங்க. புதுசு 20,000 ரூபாய்னா, இன்ஜின் செலவு 7,000, 8,000 வரைக்கும் தாராளமா பண்ணலாம். 10,000-ஐத் தாண்டினா நிறுத்துங்க.

"அதே தரத்து"ங்கிறதை அழுத்திச் சொல்றேன். நல்ல கம்பெனியோட பழைய மெஷினை, மலிவு விலைப் புது மெஷினோட ஒப்பிட்டு ஏமாறாதீங்க. தொழில்காரங்களுக்காகச் செஞ்ச மெஷின்ல பிஸ்டனும் சீலும் மாத்தினா இன்னும் பல வருஷம் உழைக்கும். மலிவு மெஷின்ல ஒண்ணை மாத்தினா அடுத்தது போகும். அதோட ஸ்பேரும் மலிவுங்கிறதால நீங்களே மாத்திக்கத் தெரிஞ்சா லாபம், கூலி கொடுத்து மாத்தினா நஷ்டம்.

வருஷத்துல ரெண்டு மூணு நாள்தான் வேலைன்னா வாடகைக்கு ஆளோட மெஷினைக் கூப்பிடுறதே லாபம். மட்டை, சின்னக் கிளை கழிக்க மட்டும்னா பேட்டரி மெஷினும் பாருங்க. பெட்ரோல் கலக்குற தொல்லை இல்ல.

7. யோசிக்காம புதுசு வாங்க வேண்டிய இடம்

செயின் பிரேக் இல்லாத மெஷினுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவு பண்ணாதீங்க. பார் நுனியோட மேல்பக்கம் மரத்துல பட்டா மெஷின் ஆள் பக்கமா எகிறும். அந்த நொடியில செயினை நிறுத்துறது முன்னாடி இருக்கிற கைக்காப்போட சேர்ந்த இந்த பிரேக்தான். பிரேக் இருந்தும் பிடிக்கலைன்னா, அதைச் சரி பண்ணுறதுதான் முதல் செலவு.

கிராங்க் பேரிங் ஆடினாலோ, அடிப்பெட்டி விரிசல் விட்டாலோ, கம்பெனி ஸ்பேரை நிறுத்திட்டாலோ அதுவும் புதுசுக்கான நேரம்தான். கை அதிர்வைத் தாங்குற ரப்பர், ஸ்பிரிங் எல்லாம் போய், அறுத்து முடிச்சதும் விரல் மரத்துப் போற மெஷினையும் அப்படியே ஓட்டாதீங்க. அந்த ரப்பர் கிடைக்கலைன்னா மெஷினை மாத்திடுங்க. நாள்பட்ட அதிர்வு விரல் நரம்பையே கெடுக்கும்.

8. புதுசு வாங்குறப்போ

பெரிய பார் கௌரவம் இல்ல. தென்னை மரம் பொதுவா ஒரு அடி குறுக்களவுக்குள்ளதான் இருக்கும், 16 இல்ல 18 இன்ச் பார் தாராளம். 22 இன்ச் பார் புளி, பலா மாதிரி பருத்த மரத்துக்கு. கடைக்காரர்கிட்ட சிசி கேக்கிறதுக்கு முன்னாடி, "கார்புரேட்டர் கிட், ஆயில் சீல், க்ளட்ச் உங்ககிட்ட இருப்பு இருக்கா?"ன்னு கேளுங்க. பில், வாரன்டி கார்டு கண்டிப்பா வாங்குங்க. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துல இந்த வருஷம் மானியம் இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிங்க.

9. மெக்கானிக்கிட்ட கொடுக்கிறப்போ

தங்கச்சிகளுக்கு முக்கியமாச் சொல்றேன். "என்ன கோளாறு, எவ்வளவு ஆகும்"னு எழுதி வாங்குங்க. சொன்னதுக்கு மேல செலவு வந்தா போன் பண்ணிட்டுத்தான் பிரிக்கணும்னு சொல்லிடுங்க. கழட்டின பழைய பிஸ்டன், டயாஃப்ரம் எல்லாத்தையும் திருப்பிக் கேளுங்க. திரும்ப வாங்குற அன்னிக்கு அங்கேயே ஒரு கட்டையை அறுத்துக் காட்டச் சொல்லுங்க. வேகத்துக்காக கார்புரேட்டர் ஸ்க்ரூவை இறுக்கி வைக்கச் சொல்லாதீங்க. பெட்ரோல் குறைஞ்சா மசகும் குறையும், பிஸ்டன் பிடிக்கும்.

10. எதை வச்சிருந்தாலும்

மெஷின் புத்தகத்துல 50:1-னா ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், 25:1-னா 40 மில்லி. கண்மதிப்பா ஊத்தாதீங்க. கலந்து வச்ச பெட்ரோலை ஒரு மாசத்துக்கு மேல வைக்காதீங்க. வேலை முடிஞ்சு எடுத்து வைக்கிறப்போ டேங்க்கைக் காலி பண்ணி, தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. செயினுக்குக் கழிவு ஆயில் ஊத்தாதீங்க, அதுல இருக்கிற துகள் பம்ப்பையும் பாரையும் கெடுக்கும்.

மொத்தத்துல, பிரேக் நல்லா இருந்து, ஸ்பேரும் கிடைச்சு, இன்ஜின் செலவு புதுசு விலையில பாதிக்குள்ள அடங்கினா பழசையே சரி பண்ணுங்க. இல்லன்னா மனசைத் தேத்திக்கிட்டு புதுசு வாங்குங்க. எந்த முடிவா இருந்தாலும் ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. புயல் அடிச்ச மறுநாள் மெக்கானிக் கடையில வரிசையில நிக்கிறதுல எந்தப் புண்ணியமும் இல்ல.