புதுப்பித்த இயந்திரத்தில் தட்டும் ஓசை

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பழைய காரை விற்க மனமின்றி, அதன் இயந்திரத்தைப் பிரித்துப் புதுப்பித்து ஓட்டுவோர் உண்டு. பல மாதச் சேமிப்பு அதில் கரைகிறது. வண்டி வீடு திரும்பிய மறுநாளே, மேட்டில் ஏறும்பொழுது தகரப் பெட்டியில் காசுகளைக் குலுக்கியது போன்ற ஓசை எழுந்தால் யாருக்குத்தான் கவலை வராது? உடனே பெட்ரோலின்மீது பழி போடுகிறோம். காரணம் பெரும்பாலும் பட்டறை வேலையிலேயே இருக்கிறது.

பிளக்கில் பொறி எழுந்தபின் தீ சீராகப் பரவிப் பிஸ்டனைத் தள்ள வேண்டும். தீ எட்டுமுன் எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடித்தால், அந்த அதிர்வே நம் காதில் விழுகிறது. இது நீடித்தால் ரிங் முறியும். பிஸ்டனின் தலையும் உருகலாம்.

முதலில் ஐயுற வேண்டியது ஹெட்டைத்தான். சூடேறி வளைந்த ஹெட்டை மட்டமாக்க அதன் முகத்தைச் சீவுவார்கள். 1,300 சி.சி. இயந்திரத்தில் ஒரு சிலிண்டருக்கு 325 சி.சி. அழுத்த விகிதம் 9க்கு 1 என்றால், எரியறையின் அளவு ஏறத்தாழ 40.6 சி.சி. சீவியதில் அது 4 சி.சி. குறைந்தால் விகிதம் 9.9 ஆக உயரும். சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டிருந்தால் இன்னும் சிறிது கூடும். இதைக் கணக்குப் பார்க்கும் பட்டறைகள் குறைவு என்பதே எமது எண்ணம்.

அடுத்தது டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரைக் காதால் கேட்டே திருப்பி வைப்பது நம்மிடையே பழகிப்போன தவறு. பொறி முந்தினால் தட்டும். டைமிங் விளக்கு வைத்துப் பார்ப்பதே முறை. கார்புரேட்டர் அடியிலுள்ள கேஸ்கெட்டில் காற்று புகுதல், வெப்ப அளவு பொருந்தாத பிளக், அடைபட்ட ரேடியேட்டர், ரிங் அமராததால் அறைக்குள் எரியும் எண்ணெய் ஆகியவையும் காரணங்களே.

நம் நாட்டில் 2009 செப்டம்பரில் 92 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாற்றாக 95 வந்தது. 97 ஊற்றினால் ஓசை அடங்கக்கூடும். ஆனால் பட்டறையின் பிழைக்கு நாம் ஒவ்வொரு முறையும் கூடுதல் காசு கொடுத்துக்கொண்டிருப்போம்.

நிறுத்திய வண்டியை முடுக்கும்பொழுதும் 'டக் டக்' எனக் கனத்த ஓசை கேட்டால் அது வேறு நோய், பேரிங் தேய்ந்திருக்கலாம். அவ்வண்டியை ஓட்டவே கூடாது.

எனவே, வண்டியைப் பெறும்பொழுதே ஹெட்டை எவ்வளவு சீவினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். அதிகம் சீவியிருந்தால், தடித்த கேஸ்கெட் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.