விபத்து நடந்தால் பொலிஸில் எழுத்து இருக்கட்டும்

தோட்டத்து ரோட்டில் லொறியோ ஆட்டோவோ மோதி ஒருவருக்குக் காயம் பட்டால், "நமக்குள்ளேயே பேசி முடிச்சிக்குவோம்" என்பார்கள். அப்படி விட்டுவிட்டால், பிறகு நட்டஈடு கேட்க நம் கையில் எந்த எழுத்தும் இருக்காது.

கவனயீனமாக வண்டி ஓட்டுவது குற்றம். ஒரு குற்றத்தைப் பற்றி நாம் வாயால் சொன்னாலே போதும். பொலிஸார் அதை எழுத வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு சொல்வது இதுதான்:

1. நாம் பேசும் மொழியிலேயே எழுதி, நமக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

2. அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், நம்மையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

3. நமக்கும் எழுத முடியாவிட்டால், காரணத்தைக் குறித்துவிட்டு வேறு மொழியில் எழுதலாம். ஆனால் அதை நமக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஆகவே, சிங்களத்தில் எழுதியிருந்தால், "என்ன எழுதியிருக்கீங்க, தமிழில சொல்லுங்க ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். விளங்காத எழுத்துக்குக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

போகும்போது வாகன இலக்கம், இடம், நேரம், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். அதற்கெல்லாம் முன்பு, காயம் பட்டவரைக் கவனியுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. இந்த இரண்டு இலக்கங்களையும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.